நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு

தங்கச்சி, போன வாரம் போனில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை என் மனசை விட்டுப் போகவில்லை. பெரியவளுக்கு ஒரு விடுமுறை வேலைத்தாள். வயல் படம் ஒன்று, மூட்டைப் படம் ஒன்று, தட்டுப் படம் ஒன்று. மூன்றுக்கும் கீழே அவள் ‘ரைஸ்’ என்றே எழுதினாளாம். மூன்றும் சரியாம். “தப்பு இல்லதானேக்கா?” என்று கேட்டாய்.

தப்பு இல்லைதான். அந்த பாஷைக்கு அது ஒன்றே போதும். ஆனால் வயலில் நிற்பது நெல், மூட்டையில் கிடப்பது அரிசி, தட்டில் விழுவது சோறு என்று மூன்று சொல் புழங்குகிற வீட்டில் பிறந்த பிள்ளை அவள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மாசக்கணக்கில் வேலை கிடக்கிறது. அந்த வேலையைப் பார்க்காத பிள்ளைக்குச் சொல்லும் நாக்கில் நிற்காது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. 2015-லிருந்து பல வருஷம் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்ட பிரதேசம் நம்முடையது. “அரிசி எங்கேர்ந்து வருது?” என்று கேட்டால் “பேங்க்லேர்ந்து” என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதே சமயம் காரைக்கால் டவுனிலிருந்து எந்தப் பக்கம் பத்து நிமிஷம் வண்டியில் போனாலும், கடல் பக்கம் தவிர, வயல்தான். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த நெல்லும் ஒரு காரணம். நாலு துண்டாகக் கிடக்கிற புதுச்சேரிப் பிரதேசத்துக்கு நெற்களஞ்சியம் என்று இன்றைக்கும் நம்மைத்தான் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் வேலைத்தாளை வைத்துத் தானியம் சொல்லித்தருவானேன்? நான் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இதில் உனக்கு முடிந்ததை மட்டும் செய்.

முதலில் ஒரு பொட்டலம்

சனிக்கிழமை திருநள்ளாறு போனால் வரும்போது சந்நிதித் தெருவில் நவதானியம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள். இதைவிடச் சல்லிசான பாடப்புத்தகம் கிடையாது. சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, நம்ம சனிபகவானுக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. கிரகக் கணக்கைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டாம். ஒன்பதையும் கலந்து ஒரு தாம்பாளத்தில் கொட்டி, ஒன்பது கிண்ணத்தை வைத்துவிட்டு நீ வாய் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. சின்னவன் நிறம் பார்த்துப் பிரிப்பான், பெரியவள் வடிவம் பார்த்துப் பிரிப்பாள். உளுந்தும் பச்சைப்பயறும் அளவில் ஒன்றுபோல இருக்கும், நிறம்தான் வேறு. துவரையையும் கொள்ளையும் பிரிக்கிறபோது கொஞ்சம் சண்டை வரும். வரட்டும்.

பிரித்த பிறகு, “இதில் யார் யார் சொந்தக்காரர்கள்?” என்று கேள். இதற்குப் பதில் சொல்லித் தராதே, இரண்டு சோதனை செய்யச் சொல். ராத்திரி ஊறவைத்துக் காலையில் விரலால் நசுக்கினால் பயறு, உளுந்து, கடலை, மொச்சை, துவரை, கொள்ளு எல்லாம் தோல் கழன்று இரண்டாகப் பிளக்கும். நெல்லும் கோதுமையும் என்ன செய்தாலும் இரண்டாகாது. எள்ளைக் காகிதத்தில் வைத்து அம்மிக்கல்லால் நசுக்கினால் எண்ணெய்த் திட்டு விழும், வெளிச்சத்தில் காட்டினால் கண்ணாடிபோலத் தெரியும். பிளக்காதது மாவுத் தானியம், பிளப்பது பருப்பு, திட்டு விடுவது எண்ணெய் வித்து. நவதானியம் என்று பெயர் இருந்தாலும் ஒன்பதில் தானியம் இரண்டுதான் என்பதைப் பெரியவளே கண்டுபிடிக்கட்டும். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்.

இன்னொன்றும் திருநள்ளாற்றிலேயே இருக்கிறது. அங்கே மூலவர் பெயர் தர்ப்பாரண்யேசுவரர், தர்ப்பைக் காட்டில் இருப்பவர். தர்ப்பை ஒரு புல். நெல், கோதுமை, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு, மூங்கில் எல்லாமே அந்தப் புல் குடும்பம்தான். வாசலில் முளைத்திருக்கிற ஒரு புல்லைப் பிடுங்கி, நெல் இலையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டு. இரண்டிலும் நரம்பு கோடு போட்டதுபோல நீளவாக்கில் ஓடும். பயற்றின் இலையைப் பார்த்தால் நரம்பு வலை பின்னியிருக்கும். இதற்கு மேல் தாவரவியல் இந்த வயசுக்குத் தேவையில்லை.

இங்கே நிறுத்தி ஒரு எச்சரிக்கை. என் பையன் மூன்று வயசில் ஒரு பச்சைப்பயறை மூக்கில் ஏற்றிக்கொண்டான். நான் பதறிப்போய் ஊக்கை வைத்துத் தோண்டப் பார்த்தேன், அது இன்னும் உள்ளே போனது. ஈரத்தில் பயறு ஊறிப் பெருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் டாக்டர்தான் எடுத்தார். ஆகவே, மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் தோண்டாதே, தண்ணீர் விடாதே, நேரே டாக்டரிடம் தூக்கிப் போ. சின்னவன் கையில் கொண்டைக்கடலையும் மொச்சையும் இருக்கிற வரைக்கும் நீ பக்கத்தில் இரு. விதைக்கென்று கடையில் விற்கிற நெல்லும் பயறும் விளையாட்டுக்கு ஆகாது. பூஞ்சைக்கு மருந்து கலந்திருப்பார்கள், பெரும்பாலும் சாயம் தெரியும்.

முளைக்கிறதும் முளைக்காததும்

பயறு முளைகட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதில் என்ன பாடம் என்பாய். மண்ணில் போட்டுப் பார். பச்சைப்பயறு தன் இரண்டு பருப்பையும் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கொண்டைக்கடலையும் துவரையும் பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் பிள்ளையே பார்த்துவிடும். ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி போட்டு ஆற்றில் விடுகிற வீடுகளிலும், கல்யாணத்துக்குப் பாலிகை தெளிக்கிற வீடுகளிலும் இதைக் காட்டிவிடலாம். முளைப்பாரி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று பெரியவள் கேட்டால், ஒரு சிரட்டையை இருட்டு அலமாரியில் வை, ஒன்றை ஜன்னலில் வை. பதில் அங்கே இருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது மூன்று கிண்ணச் சோதனை. ஒன்றில் நெல், ஒன்றில் அரிசி, ஒன்றில் அவித்துக் காயவைத்த நெல். மூன்றையும் ஈரத்துணியில் வை. நெல் மட்டும் முளைக்கும். அரிசி ஏன் முளைக்கவில்லை? ஒரு அரிசியை எடுத்து அதன் ஓரத்தில் பார்க்கச் சொல், ஒரு முனையில் சின்னதாகக் குழி விழுந்திருக்கும். முளை இருந்த இடம் அது, மில்லில் தவிட்டோடு போய்விட்டது. அவித்த நெல்லில் முளை இருக்கிறது, ஆனால் சூட்டில் உயிர் போய்விட்டது. நெல்லும் அரிசியும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனி. அறுத்த கையோடு எடுத்து வந்த நெல் சில ரகங்களில் சில வாரம் தூங்கும், முளைக்காது. கொஞ்சம் பழைய நெல்லாகக் கேட்டு வாங்கு.

கடலோர ஊர் என்பதால் நமக்கு இன்னொரு சோதனை சும்மா கிடைக்கிறது. பீச்சுக்குப் போகும்போது ஒரு பாட்டிலில் கடல்தண்ணீர் எடுத்து வா. பயறை ஒரு கிண்ணத்தில் குழாய்த்தண்ணீரிலும் இன்னொரு கிண்ணத்தில் கடல்தண்ணீரிலும் ஊறவைத்து முளைகட்டு. கடல்தண்ணீரில் ஒன்றும் வராது. அப்புறம் 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிச் சொல். சுனாமியில் எத்தனை உயிர் போனது என்பது பிறகு அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். நீ சொல்லவேண்டியது, அந்தத் தண்ணீர் வயலுக்குள்ளும் ஏறியது, மண் உப்பாகிப் போனது, மழைத்தண்ணீரால் கழுவிக் கழுவித்தான் வயலை மீட்டார்கள் என்பது. உப்பைத் தாங்குகிற குழியடிச்சான் என்றொரு பழைய நெல் நம் கடலோரத்தில் உண்டு. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2018-ல் இறக்கிற வரைக்கும் இந்த மாதிரிப் பழைய ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார், நெல் திருவிழா நடத்தி விவசாயிகளுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை என்று அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார், சின்னவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கூடவே ஏடிடி 43 என்றால் என்ன என்பதையும் சொல். அது ஏதோ ரகசிய எண் இல்லை, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த பிள்ளைக்கு ஊர்ப்பெயரும் எண்ணும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு மாதிரிப் பெயருக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறார்கள்.

மொட்டை மாடியில் ஒரு வயல்

இப்போது வைகாசி. மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற தேதி ஜூன் 12. எல்லா வருஷமும் அந்தத் தேதிக்குத் திறந்துவிடுவதில்லை என்பது உனக்கே தெரியும். ஆனாலும் அந்தத் தேதியை ஒட்டிப் பிள்ளைகளோடு பக்கெட்டில் நெல் போடு. பிளாட் என்று சாக்குச் சொல்லாதே, வெயில் விழுகிற ஒரு முழ இடம் போதும்.

விதையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே விளையாட்டு ஆரம்பிக்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போடு, அடியில் உட்காரும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை எழும்பும். முட்டையின் தலை நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்து. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டு. மிதப்பது பதர், அரைகுறையாக நிற்பது கருக்காய், மூழ்குவது மணி. இந்த உப்புத்தண்ணீர் வித்தை விவசாயிகள் நிஜமாகவே செய்வதுதான். மூழ்கியதை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடு, இல்லாவிட்டால் பீச் தண்ணீர்க் கதைதான். ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் ஈரச்சாக்கில் மூட்டம் போட்டால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும்.

பக்கெட்டின் முக்கால் அளவுக்கு வயல் மண். தோட்டத்து மணலோ நர்சரிக் கலவையோ வேண்டாம், தண்ணீர் நிற்காது. முதலில் ஒரு தட்டில் நாற்று விட்டு, மூன்று நாலு வாரம் கழித்துப் பிடுங்கி, ஒரு பக்கெட்டுக்கு ஒரு குத்து, குத்துக்கு இரண்டு நாற்று என்று நடு. நடுகிற நாளில் பிள்ளைகள் முழங்கை வரைக்கும் சேறாகட்டும். மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றால் போதும். கொசு வரும் என்று பயந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்து ஒரு நாள் காயவிட்டு மறுபடி கட்டு, பயிருக்கும் நல்லது.

இரண்டு நாற்று பத்துப் பன்னிரண்டு தூராகப் பெருகுவதைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல். கதிர் வருவதற்கு முன்னால் கடைசியாக வருகிற இலைக்குக் கண்ணாடி இலை என்று பெயர். கதிர் வெளியே வந்ததும் ஒரு லீவு நாள் காலை ஒன்பதரை மணிக்கு மாடிக்குக் கூட்டிப்போ. நெல் பூப்பது ஒருமணி இரண்டுமணி நேரக் கூத்து. உமி வாயைத் திறந்து வெள்ளை நூல்போலத் தொங்கவிட்டு, மூடிக்கொள்ளும். சாயந்திரம் போனால் ஒன்றும் இல்லை. எத்தனையோ விவசாய வீட்டுப் பெரியவர்களே நின்று பார்த்திருக்க மாட்டார்கள், உன் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் பால் வரும். பால் பிடித்திருக்கிறது என்கிற பேச்சு அதுதான்.

நான் செய்த தப்பை நீ செய்யாதே. முதல் தடவை திறந்தபடி விட்டுவிட்டேன். பால் பிடித்த மணியை எல்லாம் சிட்டுக்குருவியும் சில்லைக்குருவியும் உறிஞ்சிவிட்டுப் போயின, பிள்ளைகள் அழுதார்கள். பழைய கொசுவலையைப் போர்த்திவிடு. ஒரே ஒரு பக்கெட்டைத் திறந்து வை, குருவிக்கும் பங்கு வேண்டும்.

அறுத்த பிறகு எண்ணச் சொல். ஒரு குத்தில் பத்துக் கதிர், கதிருக்கு நூறு மணி என்று வைத்தால் ஆயிரம் நெல். நிறுத்தால் இருபது கிராம் சுற்றி வரும். உமியும் தவிடும் போனால் அரிசி அதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெரியவள் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற சோற்றுக்கு ஐம்பது கிராம் அரிசி வேண்டுமென்றால், ஏறக்குறைய நாலு பக்கெட் பயிர். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நீ வாயைத் திறக்காதே. சோற்றைச் சிந்தாதே என்ற உபதேசம் எல்லாம் வேண்டாம், அவளே தட்டைப் பார்ப்பாள்.

எதுவும் குப்பை இல்லை

நெல்லைக் கையிலே உடைத்துக் காட்டலாம். இரண்டு துணிக்கு நடுவே பரப்பிச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினால் உமி கழலும். அப்புறம் முறம். உன் வீட்டில் முறம் இல்லை என்று தெரியும், அம்மாவுடையது என்னிடம் இருக்கிறது, எடுத்துப் போ. புடைப்பது ஒன்று, கொழிப்பது ஒன்று, தெள்ளுவது ஒன்று. அம்மா கை மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யும். எனக்குப் புடைக்க மட்டும்தான் வரும்.

முறத்தில் பிரிகிற ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் தனிப்பெயர் இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்கிறேன், ஏனென்றால் பெயர் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உமி அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போகும், கருக்கினால் நம் தாத்தா பல் துலக்கிய உமிக்கரி. அது கரகரவென்று இருப்பதற்குக் காரணம் மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். நெல் இலை கையைக் கிழிப்பதும் அதனால்தான். தவிடு மாட்டுக்கு, அதிலிருந்து எண்ணெயும் எடுக்கிறார்கள். நொய் கஞ்சிக்கு. ரமலான் மாசம் நம் ஊரில் பள்ளிவாசல்களில் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சிக்கு உடைந்த அரிசிதான் உயிர். பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்தால், குடிக்கும்போது “இதுல நொய் எங்கே இருக்குன்னு நாக்கால கண்டுபிடி” என்று சொல். வைக்கோல் மாட்டுக்குத் தீனி, காளானுக்கு மெத்தை. ஒரு பிடி வைக்கோலை ஈரமாக்கிப் பிரி திரிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மழைநாள் மத்தியானம் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

நெல்லிலிருந்து அரிசிக்கு ஒரே வழிதான் இருக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல், அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் புழுங்கல் கண்ணாடி, பச்சரிசி சுண்ணாம்பு. அவிக்கும்போது தவிட்டிலிருக்கிற சத்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தால் அவல், சூட்டில் வெடிக்கவிட்டால் பொரி. கிருஷ்ண ஜெயந்திக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று. பண்டிகை வரும்போது இதைப் பேசு, மற்ற நாளில் பேசினால் யாருக்கும் காது கேட்காது.

இட்லிக்குள் இரண்டு போகம்

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தை மாசம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது நம் பக்கத்து வயலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. நெல் தலை சாய்ந்து நிற்கும், மண் மெழுகு பதத்தில் இருக்கும். மாமா இடுப்பில் கூடையோடு போய் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை விசிறுவார். பார்க்கிற பிள்ளைக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நெல்லை அறுத்த பிறகு பார், தாளடிக்கு நடுவே இரண்டு இலையோடு உளுந்து நிற்கும். அதற்கு உழவு கிடையாது, தனியாகத் தண்ணீரும் கிடையாது. சம்பாவுக்கு விட்ட தண்ணீரின் மிச்சமும் பனியும்தான். எழுபது எழுபத்தைந்து நாளில் காய் கறுத்துவிடும். ஏடிடி 3 என்ற உளுந்தை இதற்கென்றே நம் பக்கத்தில் ரொம்ப காலமாகப் போடுகிறார்கள்.

பூக்கிற சமயத்தில் மாமாவிடம் கேட்டு ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டு. கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே ரோஸ் நிறம். அதற்குள் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கிறது. உரக்கடைக்குப் போகாமல் உரம் வாங்குகிற செடி என்று சொன்னால் சின்னவனுக்கே புரியும். ரோஸ் நிறம் இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, காலையில் நீ அவிக்கிற இட்லியில் நாலு பங்கு சம்பா அரிசி, ஒரு பங்கு உளுந்து. நம் வயலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மண்ணில் ஒன்றன் பின் ஒன்றாக விளைந்தது. அரிசியில் குறைகிற புரதச்சத்து ஒன்று உளுந்தில் நிறைய இருக்கிறது, உளுந்தில் குறைகிறது அரிசியில் இருக்கிறது. யார் முதலில் சேர்த்து அரைத்தார்களோ, வயலைப் பார்த்துத்தான் அரைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நிரூபிக்கச் சொல்லாதே.

கோதுமைக்கு நம் ஊரில் வயல் கிடையாது, அதை மறைக்காமல் சொல்லிவிடு. குளிர் வேண்டும், நம்மிடம் புழுக்கம்தான் இருக்கிறது, அதனால் வடக்கேயிருந்து ரயிலில் வருகிறது. ஆனால் சமையலறையில் கோதுமைக்கு ஒரு நல்ல வேடிக்கை உண்டு. மைதா மாவில் எலுமிச்சை அளவு உருண்டை பிசைந்து அரைமணி வைத்துவிட்டு, தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து கழுவு. வெள்ளைப் பால் எல்லாம் போய்க் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும். பரோட்டா வீசுகிறவர் அந்த ரப்பரை நம்பித்தான் வீசுகிறார். அரிசிமாவு உருண்டையைக் கழுவினால் ஒன்றுமே மிஞ்சாது, அதனால்தான் இடியாப்பத்துக்கு வெந்நீர் ஊற்றிப் பிசைகிறோம்.

கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் நம் களிமண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிற வயலுக்கு ஒத்துவராத பயிர்கள். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து கடையில் நிறைய பாக்கெட். உன் பிள்ளைகள் இருவரும் முதல்முதலில் குடித்த கூழ் கேழ்வரகுப் பால் கூழ் என்பதை மட்டும் ஞாபகப்படுத்து, பாக்கெட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். மக்காச்சோளத்துக்குப் பீச் போதும். சுட்ட கதிர் வாங்கும்போது நாரோடு ஒன்று கேட்டு வாங்கி, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போகச் சொல். ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணியில் போய் முடியும்.

வயலுக்கு வரும்போது

வெயிலுக்கு முன்னால் வா. வரப்பில் செருப்பைக் கழற்றச் சொல்லுவேன், ஆனால் நான் முன்னால் நடப்பேன், பாம்பும் உண்டு நண்டு வளையும் உண்டு. அறுக்கிற மெஷின் ஓடுகிற வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாது, கரையில்தான் நிற்க வேண்டும். தூற்றுகிற இடத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டி வா, சுணை பட்டால் ராத்திரி பூராவும் சொறிவார்கள். தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டால், மேட்டூர், கல்லணை, அரசலாறு, வாய்க்கால், மடை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டு. நாம் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் நமக்கென்று எழுதிவைத்த 7 டிஎம்சி கடைசி விரலுக்குத்தான் வருகிறது. பெரியவளுக்கு இது புரியும். சின்னவனுக்கு, வரிசையில் கடைசியில் நிற்கிறவனுக்குப் பாயசம் தீர்ந்துபோகிற கதையைச் சொன்னால் போதும்.

ரோட்டில் நெல் காய்வதைப் பார்த்தால் வண்டியை நிறுத்து. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஈரம் பார்க்கிற மெஷின் வருவதற்கு முன்னால் தாத்தா பல்லால்தான் பார்ப்பார். கடித்து ‘டிக்’ என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னொரு வெயில். சின்னவனுக்குப் பால்பல் விழுகிற வயசு, கடிக்கிறேன் என்று அடம் பிடிப்பான், நீயே கடித்துச் சத்தத்தைக் கேட்கவிடு.

வீட்டில் பித்தளை மரக்கால் ஒன்று பரணில் இருக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாட்டைக் கிலோ தெரிந்த பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. களத்தில் உட்காரவைத்து அளக்கவிடலாம். முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணக் கூடாது, ‘லாபம்’ என்றுதான் தொடங்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு. ஏன் என்று சின்னவன் கேட்பான். அதற்கான பதிலைத் தாத்தா என்னிடம் ஒரு மாதிரியும் உன்னிடம் வேறு மாதிரியும் சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன்னிடம் சொன்னதை நீ சொல், என்னிடம் சொன்னதை நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது பழைய பக்கெட் நாலு எடுத்து வா, அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. வயல் மண்ணை நான் சாக்கில் கட்டி வைக்கிறேன். வண்டியில் மண் சிந்தும் என்று உன் வீட்டுக்காரர் முணுமுணுப்பார், தாள் ஒன்று விரித்துக்கொள்.